ஐந்து கிலோஹெர்ட்ஸ் கம்பியில் ஓடிய வானொலி

அமெரிக்காவின் பழைய வானொலிக் காலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அறிவிப்பாளர்களையும் நகைச்சுவை நடிகர்களையும் விளம்பரதாரர்களையும் பற்றி விரிவாக எழுதுகிறார்கள். கொஞ்சம் தொழில்நுட்ப ஆர்வம் உள்ளவர்கள் ஒலிபரப்புக் கோபுரங்களைப் பற்றியும் வால்வுகளைப் பற்றியும் எழுதுகிறார்கள். நியூயார்க்கில் ஒருவர் பேசியது அதே நேரத்தில் டல்லாஸ் நகரத்து வீடுகளிலும் கேட்டதற்குக் காரணமாக இருந்த தொலைபேசிக் கம்பிக்கு மட்டும் ஒரு வரி ஒதுக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நெடுந்தொலைவுத் தொலைபேசித் தடங்களைப் பராமரிக்கும் பிரிவில் பணியாற்றியவன் என்பதால் எனக்கு அந்த ஒரு வரி போதவில்லை. 1922 முதல் இரண்டாம் உலகப்போர் வரையிலான அமெரிக்க வானொலியில் நாடு முழுவதற்கும் பேசும் உரிமை யாருக்கு, என்ன விலையில், எந்த ஒலித்தரத்தில் கிடைத்தது என்பதைக் கம்பிதான் தீர்மானித்தது என்பது என் கருத்து.

1920களின் தொடக்கத்தில் நிலையம் ஒன்றின் திறன் சில நூறு வாட் அளவில்தான் இருந்தது. பகலில் அதன் வீச்சு ஒரு நகரத்தையும் சுற்றுவட்டாரத்தையும் தாண்டாது. ஒரே நிகழ்ச்சியைப் பல நகரங்களில் கேட்கச் செய்ய வேண்டுமானால் நிலையங்களை ஏதாவது ஒரு வகையில் இணைத்தாக வேண்டும். வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் 1923இல் பிட்ஸ்பர்க்கின் கே.டி.கே.ஏ. நிலைய நிகழ்ச்சிகளைச் சிற்றலையில் அனுப்பி, நெப்ராஸ்கா மாநிலத்தின் ஹேஸ்டிங்ஸ் நகரில் இருந்த கே.எஃப்.கே.எக்ஸ். நிலையத்தில் பிடித்து மறு ஒலிபரப்புச் செய்து பார்த்தது. வானத்தின் அயனி மண்டலத்தை நம்பி நடக்கும் எந்த அஞ்சலுக்கும் உள்ள குறை அதற்கும் இருந்தது: ஒலி ஏறும், இறங்கும், சில நேரம் மறைந்தே போகும். தில்லியிலிருந்து சிற்றலையில் வந்த செய்தியறிக்கையை உள்ளூர் நிலையத்தின் வழியாகக் கேட்டு வளர்ந்த என் தலைமுறைக்கு அந்த ஏற்ற இறக்கத்தை விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு நாளும், குறித்த நிமிடத்தில், காசு கொடுத்த விளம்பரதாரருக்கு உறுதி சொல்லித் தரக்கூடிய இணைப்பு என்றால் அன்று அது கம்பி ஒன்றுதான்.

கம்பியோ பெரும்பாலும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. ஏ.டி. அண்ட் டி. தொலைபேசி நிறுவனம் 1922 ஆகஸ்டில் நியூயார்க்கில் டபிள்யூ.இ.ஏ.எஃப். என்ற சொந்த நிலையத்தைத் தொடங்கியது. டிரங்க் அழைப்புக்குக் கட்டணம் வாங்குவதைப் போல ஒலிபரப்பு நேரத்துக்கும் கட்டணம் வாங்கலாம் என்பது அதன் கணக்கு. 1923 ஜனவரி 4 அன்று அந்த நிலையத்தின் நிகழ்ச்சி தொலைபேசித் தடம் வழியாகப் பாஸ்டனின் டபிள்யூ.என்.ஏ.சி. நிலையத்துக்குச் சென்று ஒரே நேரத்தில் இரண்டு நகரங்களிலும் ஒலித்தது. அதே ஆண்டு ஜூலையில், மாசசூசெட்ஸ் கடற்கரையில் தன் பண்ணை மாளிகையில் சொந்தமாக நிலையம் வைத்திருந்த எட்வர்ட் கிரீன் என்ற செல்வந்தர், நியூயார்க் நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து பெறுவதற்காகத் தடம் ஒன்றை வாடகைக்கு எடுத்தார். ஒரு பணக்காரரின் கோடைகாலப் பொழுதுபோக்குக்காக இழுக்கப்பட்ட அந்த இணைப்பால், நிகழ்ச்சித் தடத்தை நாள்தோறும் நடத்திப் பழகும் வாய்ப்பு பொறியாளர்களுக்குக் கிடைத்தது. டிசம்பர் 6 அன்று அதிபர் கூலிட்ஜ் காங்கிரஸில் ஆற்றிய உரை வாஷிங்டன், நியூயார்க், பிராவிடென்ஸ், செயின்ட் லூயிஸ், கன்சாஸ் சிட்டி, டல்லாஸ் ஆகிய ஊர்களின் நிலையங்களில் ஒரே சமயத்தில் கேட்டது. 1925 மார்ச்சில் அவர் பதவியேற்றபோது இணைக்கப்பட்ட நிலையங்கள் இருபதைத் தாண்டியிருந்தன.

இவை எல்லாம் பேச்சு. பேச்சைத் தொலைபேசிக் கம்பி எப்படியும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும், ஏனென்றால் அது பேச்சுக்காகவே போடப்பட்டது. அன்றைய நெடுந்தொலைவுத் தடம் ஏறக்குறைய 250 ஹெர்ட்ஸ் முதல் 2,750 ஹெர்ட்ஸ் வரை கடத்தினாலே போதுமானதாகக் கருதப்பட்டது. பேசுகிறவர் சொல்வது புரியும், அவர் யார் என்றும் தெரியும். அதே தடத்தில் ஓர் இசைக்குழுவை அனுப்பினால் அடியில் டபுள் பேஸ் வாத்தியமும் டிரம்மும் காணாமல் போகும், மேலே வயலினின் மெருகும் சிம்பலின் சிதறலும் இருக்காது, நடுவில் ஏதோ ஒரு தகரப் பெட்டிக்குள் வாசிப்பது போன்ற ஒலிதான் மிஞ்சும். ஆகவே 1923க்குப் பிறகு பொறியாளர்கள் எதிர்கொண்ட கேள்வி, ஏற்கெனவே கண்டம் முழுவதும் நிற்கும் கம்பியைப் பிடுங்கி எறியாமல் அதற்குள் இசையை எப்படிப் புகுத்துவது என்பதாக இருந்தது.

முதல் தடை லோடிங் காயில். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் தொழிலின் மிக அழகான கணக்கு இதில்தான் இருக்கிறது. கேபிளுக்குள் இரண்டு செப்புக் கம்பிகள் காகித உறையுடன் ஒன்றையொன்று ஒட்டி நெருக்கமாகச் செல்வதால் அவற்றுக்கிடையே மின்தேக்குத்திறன், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் தன்மை, அதிகம். அமெரிக்க நெடுந்தொலைவுக் கேபிளில் அது மைலுக்கு 0.062 மைக்ரோஃபாரட். இதனால் ஒலி வெகு விரைவில் தேய்ந்துவிடும், அதிலும் உயர் அதிர்வெண்கள் முதலில் தேயும். குறிப்பிட்ட இடைவெளிகளில் கம்பிச் சுருள்களைத் தொடராகச் சேர்த்தால் அந்தத் தேய்மானம் பெரிதும் குறையும் என்பதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆய்வாளர்களான கேம்பெலும் பூப்பினும் தனித்தனியே கண்டார்கள். ஆனால் சுருள்கள் சேர்ந்த கம்பி ஒரு வடிகட்டியாகிவிடுகிறது. ஒரு வெட்டு அதிர்வெண்ணுக்கு மேலே அது எதையும் விடாது. பேச்சுத் தடங்களில் வழக்கமாக இருந்த ஏற்பாடு 6,000 அடிக்கு ஒரு 174 மில்லிஹென்றி சுருள். ஒரு பகுதியின் மின்தேக்குத்திறன் சுமார் 0.07 மைக்ரோஃபாரட் வருகிறது. கணக்குப் போட்டால் வெட்டு அதிர்வெண் ஏறக்குறைய 2,900 ஹெர்ட்ஸ். எத்தனை பெருக்கிகளைச் சேர்த்தாலும் அதற்கு மேலே இருப்பதை மீட்க முடியாது, ஏனென்றால் மீட்பதற்கு அங்கே ஒன்றும் மிஞ்சுவதில்லை.

அதனால் முதல் சில ஆண்டுகளில் இசைக்கு உதவியது பழைய திறந்தவெளிக் கம்பிதான். கம்பத்தில் பீங்கான் அல்லது கண்ணாடிக் காப்பான்களின் மேல், ஓரடி அளவில் விலகி நிற்கும் வெற்றுச் செப்புக் கம்பிகளுக்கிடையே மின்தேக்குத்திறன் மிகக் குறைவு. 1915இல் நியூயார்க்குக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே திறக்கப்பட்ட தடத்தில் பயன்பட்ட 0.165 அங்குலக் கம்பி மைலுக்கு 435 பவுண்டு எடையுள்ளது. அதன் மின்தடை அற்பம். வால்வுப் பெருக்கிகள் நம்பகமாகிவிட்டபின் அந்தத் தடங்களில் இருந்த லோடிங் காயில்களை 1920களில் கழற்றிவிட்டார்கள், அதனால் வெட்டு அதிர்வெண் என்ற சுவரும் போய்விட்டது. மழையிலும் பனியிலும் காப்பான்களின் வழியே மின்சாரம் கசிந்து இழப்பு மாறிக்கொண்டே இருக்கும் என்பது அதற்குக் கொடுத்த விலை.

சுவர் போனாலும் சரிவு இருந்தது. காயில் இல்லாத எந்தக் கம்பியும் தாழ்ந்த ஒலிகளை விட உயர்ந்த ஒலிகளை அதிகம் விழுங்கும். இதற்கு மருந்தாக வந்ததுதான் ஈக்வலைசர். முதல் பார்வைக்கு இது விசித்திரமான மருந்து. உயர் அதிர்வெண்களை அது தூக்கிவிடுவதில்லை. தாழ்ந்தவற்றை வேண்டுமென்றே அடக்கி, எல்லாவற்றையும் சமமாக நலிந்த நிலைக்குக் கொண்டுவருகிறது. பிறகு பெருக்கி அந்த மொத்தத்தையும் ஒரே அளவில் உயர்த்துகிறது. வழிநெடுக இடைவெளி விட்டுப் பெருக்கிகள் வைக்கப்பட்ட ஒவ்வொரு ரிப்பீட்டர் நிலையத்திலும், தனக்கு முன்னால் உள்ள கம்பிப் பகுதிக்கு ஏற்றபடி இதைச் சரிசெய்ய வேண்டும். ஒரு பகுதியில் அரை டெசிபெல் (ஒலி அளவின் ஏற்ற இறக்கத்தைச் சொல்லும் அலகு) பிழை இருந்தால் யாருக்கும் தெரியாது. அதே பக்கம் சாயும் அரை டெசிபெல் பிழை நாற்பது பகுதிகளில் சேர்ந்தால் இருபது டெசிபெல். பாஸ்டனில் கேட்கும் இசைக்குழுவும் டல்லாஸில் கேட்கும் இசைக்குழுவும் வேறு வேறு குழுக்களாகிவிடும். தடங்களைச் சமன்செய்யும் வேலையில் பழகிய யாருக்கும் இந்தக் குவியும் பிழை மீது ஒரு தனிப் பயம் உண்டு.

நிகழ்ச்சித் தடத்துக்கு ஒரு பெரும் வசதியும் இருந்தது. தொலைபேசியில் இருவரும் பேச வேண்டும். ஒரே ஜோடிக் கம்பியில் இருதிசையும் பெருக்க முயன்றால் ஒலி சுற்றிச் சுழன்று தடம் ஊளையிடத் தொடங்கும், எதிரொலியும் வரும். ஒலிபரப்பு நிகழ்ச்சியோ ஒரு திசையில்தான் செல்கிறது. எனவே பெருக்கிகளை ஒருவழிப் பெருக்கிகளாக வைக்கலாம், ஊளைக்கு அஞ்ச வேண்டாம். ஆனால் சிகாகோவில் நடக்கும் கச்சேரி நியூயார்க்குக்கு வர வேண்டும் என்றால் வழியில் உள்ள அத்தனை பெருக்கிகளையும் எதிர்த்திசைக்குத் திருப்ப வேண்டும். 1920களில் அதை ஆட்கள் கையால் செய்தார்கள். நிகழ்ச்சி முடிந்து அடுத்தது தொடங்கும் சில விநாடிகளுக்குள் நூற்றுக்கணக்கான மைல் நீளத்தில் எல்லா நிலையங்களிலும் அது முடிந்திருக்க வேண்டும்.

கேபிளில் இன்னொரு சிக்கல் வெயில். செம்பின் மின்தடை ஒரு டிகிரி செல்சியஸுக்கு 0.4 சதவீதம் கூடும். கம்பத்தில் தொங்கும் கேபிள், குளிர்கால இரவுக்கும் கோடைப் பகலுக்கும் இடையில் ஐம்பது டிகிரி வரை மாறக்கூடும். நிகழ்ச்சித் தடத்தில் ஆயிரம் மைலுக்கு மொத்த இழப்பு 250 டெசிபெல் அளவில் இருந்தது என்றால், அதில் பத்து சதவீத மாற்றமே இருபத்தைந்து டெசிபெல். அதே கேபிளுக்குள் செல்லும் ஒரு ஜோடியின் மின்தடையை ஓயாமல் அளந்து, அதற்கேற்பப் பெருக்கத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் பைலட் கம்பி ஏற்பாட்டின் மூலம் இதைச் சமாளித்தார்கள். பின்னூட்டக் கட்டுப்பாடு பற்றிய பாடநூல்கள் எழுதப்படுவதற்கு முன்பே அந்தத் தானியங்கிச் சாதனங்கள் வேலை செய்துகொண்டிருந்தன.

இனி ஒலியின் அளவு. ஓர் இசைக்குழுவின் மெல்லிய ஒலிக்கும் உச்ச முழக்கத்துக்கும் இடையே 60 டெசிபெலுக்கு மேல் வித்தியாசம் இருக்கும். தடம் தாங்கக்கூடிய இடைவெளி சுமார் 40 டெசிபெல். அதற்கு மேலே போனால் பெருக்கிகள் திணறும், பக்கத்து ஜோடிகளில் தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்பவர்களின் காதில் டிரம்பெட் கேட்கும். கீழே போனால் கம்பியின் இரைச்சலில் இசை மூழ்கும். ஆகவே கலையகத்தில் ஒருவர் கட்டுப்பாட்டுக் குமிழைப் பிடித்துக்கொண்டு, இசைக்குறிப்பைப் பார்த்தபடி, உச்சம் வருவதற்கு முன்பே மெல்லக் குறைத்தும், மென்மையான இடத்தில் மெல்லக் கூட்டியும் தந்தார். அவர் பார்க்கும் அளவுமானி ஒன்று, தொலைபேசி நிறுவனத்தார் பார்ப்பது வேறொன்று; இரண்டு முட்களும் ஒத்துப்போவதில்லை. இந்தச் சச்சரவுக்கு முடிவாக தொலைபேசி நிறுவனத்தின் பெல் ஆய்வகமும், வானொலி வலையமைப்புகளான என்.பி.சி.யும் சி.பி.எஸ்.ஸும் சேர்ந்து 1939இல் வி.யூ. மீட்டர் என்ற ஒலி அளவுமானியைத் தரப்படுத்தின. 600 ஓம் மின்தடையில் ஒரு மில்லிவாட் என்பது அதன் அடிப்படை அளவு. முள் நிலைக்கு வர ஏறக்குறைய 300 மில்லிவிநாடி எடுக்கும். இன்றைக்கும் கணினியில் பாடல் பதிவுசெய்கிற இளைஞர்களின் திரையில் அந்த மஞ்சள் முகப்பும் முள்ளும் அலங்காரமாக வந்து நிற்கின்றன. தொலைபேசிக் கம்பியை இரு தரப்பும் ஒரே கண்ணால் பார்ப்பதற்காக உண்டான கருவி அது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

கம்பி கிடைக்காதவர்களின் கதி என்ன என்பதற்கு ஆர்.சி.ஏ. என்ற வானொலி நிறுவனம் நல்ல உதாரணம். ஏ.டி. அண்ட் டி. தன் நெடுந்தொலைவுத் தடங்களைப் போட்டி நிலையங்களுக்குத் தர மறுத்தது. எனவே ஆர்.சி.ஏ. தன் டபிள்யூ.ஜே.இசட். நிலையத்தையும் நியூயார்க் மாநிலத்தின் ஷெனெக்டடி நகரில் இருந்த டபிள்யூ.ஜி.ஒய். நிலையத்தையும் இணைக்க வெஸ்டர்ன் யூனியன் தந்திக் கம்பிகளை வாடகைக்கு எடுத்தது. தந்திக்கு வேண்டியது மின்சாரம் உண்டா இல்லையா என்ற செய்தி மட்டும்தான். பக்கத்து மின்கம்பியின் முனகலும் இடிமின்னலின் படபடப்பும் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. அவை எல்லாம் இசையோடு சேர்ந்து ஒலிபரப்பில் கேட்டன. டபிள்யூ.ஜே.இசட்.இன் கலைஞர்கள் நியூயார்க்கில் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் ஷெனெக்டடிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் குறைந்துபோனார்கள்.

1926இல் இந்தச் சண்டை பேரத்தில் முடிந்தது. தொலைபேசி நிறுவனம் ஒலிபரப்பை விட்டு விலகி டபிள்யூ.இ.ஏ.எஃப். நிலையத்தைப் பத்து லட்சம் டாலருக்கு ஆர்.சி.ஏ.வுக்கு விற்றது, ஆர்.சி.ஏ.வின் புதிய வலையமைப்பான என்.பி.சி. தொலைபேசி நிறுவனத்திடம் தடங்களை நீண்டகால வாடகைக்கு எடுக்க ஒப்புக்கொண்டது. அந்த நிலையத்தின் கருவிகளும் கட்டடமும் அந்தப் பணத்துக்குப் பக்கத்திலேயே வராது. பேரத்தில் கைமாறிய உண்மையான சரக்கு கம்பியைப் பயன்படுத்தும் வாய்ப்பு என்றே நான் இதைப் படிக்கிறேன். நவம்பர் 15 அன்று வால்டோர்ஃப் அஸ்டோரியா விடுதியில் நடந்த தொடக்க விழாவில் பாடகி மேரி கார்டன் சிகாகோவிலிருந்து பாடினார், நகைச்சுவையாளர் வில் ரோஜர்ஸ் கன்சாஸின் இண்டிபெண்டன்ஸ் நகரிலிருந்து பேசினார். கேட்டவர்களுக்கு எல்லோரும் ஒரே மேடையில் இருப்பதாகத் தோன்றியது. 1927 புத்தாண்டு நாளில் கலிஃபோர்னியாவின் ரோஸ் பௌல் கால்பந்தாட்டம் கண்டத்தின் மறுகோடி வரை கேட்டது. மேற்குக் கடற்கரைக்கு நிரந்தரமான நிகழ்ச்சித் தடம் 1928 இறுதியில்தான் அமைந்தது. இடைப்பட்ட காலத்தில் அங்கே தனி வலையமைப்பு வைத்து, கிழக்கின் நிகழ்ச்சிகளை உள்ளூர்க் கலைஞர்களைக் கொண்டு மறுபடி நடத்தினார்கள்.

வலையமைப்பு வளர்ந்ததும் இணைக்கும் முறையே ஒரு கலையானது. மைய இடங்களில் இருந்து கிளைத் தடங்கள் பிரியும். ஒரு நிலையம் சேர்ந்தாலும் விலகினாலும் மற்றவற்றின் ஒலி மாறக்கூடாது என்பதற்காக, தடத்திலிருந்து மிகக் குறைந்த மின்சாரத்தை மட்டும் உறிஞ்சும் பெருக்கிகளை ஒவ்வொரு பிரிவிலும் வைத்தார்கள். பெருக்கிகளைத் திருப்பும் தொல்லையைக் குறைக்க, நியூயார்க்கிலிருந்து சிகாகோவுக்குச் சென்று வேறு வழியாக நியூயார்க்குக்கே திரும்பி வரும் வளையத் தடங்களை அமைத்தார்கள். வளையத்தில் உள்ள எந்த நிலையமும் தன் இடத்தில் வளையத்தைத் திறந்து நிகழ்ச்சியை உள்ளே விட்டால் போதும், அது ஒரே திசையில் சுற்றி எல்லோரையும் அடையும். கம்பியின் நீளம் கூடியது, வாடகையும் கூடியது. ஆனால் இரவு எட்டு மணிக்கு நூறு இடங்களில் விசை தவறாமல் திரும்ப வேண்டும் என்ற நெருக்கடி போயிற்று. எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது.

தடம் மாற்ற வேண்டிய நேரத்தைக் காட்டவும் ஒரு குறி வேண்டியிருந்தது. தொடக்கத்தில் நிகழ்ச்சி முடிவில் அறிவிப்பாளர் இணைந்திருக்கும் நிலையங்களின் பெயர்களை வரிசையாகப் படிப்பார். பட்டியல் நீண்டதும் அது நடக்காத காரியமானது. 1929 முதல் என்.பி.சி.யின் மூன்று சுர மணியோசை அந்த வேலையைச் செய்தது. நேயர்களுக்கு அது இனிய முத்திரை. ஆங்காங்கே ரிப்பீட்டர் நிலையங்களில் ஒலிபெருக்கியின் முன் உட்கார்ந்திருந்த தொலைபேசி ஊழியர்களுக்கோ தடங்களை மாற்றிப் போடுவதற்கான உத்தரவு. நிகழ்ச்சித் தடங்களை ஒட்டியே தந்தித் தடங்களும் ஓடின. எங்கே இரைச்சல், எங்கே அறுந்தது, எந்தக் காலித் தடத்தில் மாற்றுவது என்பதெல்லாம் ஒலிபரப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அவற்றில் பேசித் தீர்க்கப்பட்டன.

இதற்கிடையில் கேபிளிலும் இசையை அனுப்ப வழி பிறந்தது. 1930இல் பெல் பொறியாளர்கள் வெளியிட்ட வடிவமைப்பில் 16 கேஜ் தடித்த கம்பிகள், 3,000 அடிக்கு ஒரு 22 மில்லிஹென்றி சுருள், சுமார் 50 மைலுக்கு ஒரு ரிப்பீட்டர். மேலே சொன்ன கணக்கையே போட்டால் வெட்டு அதிர்வெண் 11,000 ஹெர்ட்ஸைத் தாண்டுகிறது. அதனால் 50 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை தாராளமாக எடுத்துச் செல்ல முடிந்தது. ஒலி அதில் விநாடிக்கு ஏறக்குறைய 20,000 மைல் வேகத்தில் செல்லும். பேச்சுக் கேபிளைப்போல் இருமடங்கு வேகம் இது. உயர் அதிர்வெண்கள் தாழ்ந்தவற்றுக்குப் பிந்தி வந்து சேரும் குறையை நீக்கத் தாமதச் சமன்செய்யிகளும் சேர்க்கப்பட்டன.

கம்பி எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை 1933 ஏப்ரல் 27 அன்று காட்டிவிட்டார்கள். ஃபிலடெல்ஃபியாவில் இசைக்குழு வாசித்தது. வாஷிங்டனின் கான்ஸ்டிடியூஷன் அரங்கில் மேடையில் ஒலிபெருக்கிகள் மட்டும் இருந்தன. அங்கே கட்டுப்பாட்டுக் குமிழ்களை இயக்கியவர் இசை இயக்குநர் ஸ்டோகோவ்ஸ்கி. மூன்று தனித் தடங்கள், ஒவ்வொன்றும் 40 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரை. மேடையில் வாத்தியங்கள் இடமும் வலமுமாகப் பிரிந்து கேட்டன.

ஆனால் அது ஒரு நாள் கூத்து. நாள்தோறும் வாடகைக்குப் போன தடங்களில் மிகப் பெரும்பாலானவை 100 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வகையைச் சேர்ந்தவை, ஏனென்றால் நிலையங்கள் அதற்கு மேல் காசு கொடுக்க விரும்பவில்லை. வீட்டிலிருந்த பெரும்பாலான வானொலிப் பெட்டிகளும் அதற்கு மேல் பாடவில்லை என்பதால் குறை சொல்வாரும் இல்லை. 1930களின் பிற்பகுதியில் பொறியாளர் ஆர்ம்ஸ்ட்ராங் 15,000 ஹெர்ட்ஸ் வரை தெளிவாகத் தரும் எஃப்.எம். ஒலிபரப்பைக் கொண்டுவந்தபோதுதான் இந்தச் சிக்கனத்தின் விலை தெரிந்தது. கோபுரம் 15,000 ஹெர்ட்ஸுக்கு ஆயத்தமாக இருந்தாலும் பின்னால் வருகிற கம்பி 5,000 ஹெர்ட்ஸோடு நின்றால் எஃப்.எம். நேயருக்குக் கிடைப்பது இரைச்சல் குறைந்த பழைய ஒலிதான். 1971இல் ஒலிபரப்பைத் தொடங்கிய அமெரிக்கப் பொது வானொலியான என்.பி.ஆர்.கூட, எஃப்.எம். நிலையங்கள் பலவற்றைத் தன்னோடு வைத்துக்கொண்டு, இந்த ஒற்றை வழி 5,000 ஹெர்ட்ஸ் தடங்களில்தான் பத்தாண்டு காலம் நிகழ்ச்சிகளை அனுப்பியது. 1980இல் செயற்கைக்கோளுக்கு மாறிய பிறகே அதன் நிலையங்களுக்கு முழு அலைவரிசையும் ஸ்டீரியோவும் போய்ச் சேர்ந்தன.